சுரங்கப் பள்ளத்தாக்கில் நீர் கெடும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கொலராடோ மாநிலத்தின் தென்மேற்கில், சான் வான் மலைத்தொடருக்குள், சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் சில்வர்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. அனிமாஸ் ஆறு, கிளாட்ஸ்டன் பக்கமிருந்து இறங்கும் சிமென்ட் ஓடை, மேற்கிலிருந்து வரும் மினரல் ஓடை ஆகிய மூன்றும் இங்கேதான் கூடுகின்றன. 1870களில் தொடங்கிய சுரங்கத் தொழில் 1991இல் சன்னிசைடு சுரங்கம் மூடப்பட்டதோடு ஓய்ந்தது. ஆனால் சுரங்க வாய்களிலிருந்து வரும் அமில நீர் ஓயவில்லை. 2016இல் இப்பகுதியின் 48 மாசு மூலங்கள் 'போனிட்டா பீக் சுரங்க மாவட்டம்' என்ற பெயரில் அமெரிக்காவின் சூப்பர்ஃபண்ட் தூய்மைப்படுத்தும் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இங்கே நீர் மாதிரி எடுப்பவர்களும், வாய்க்கால் மதகைப் பார்த்துக்கொள்பவர்களும், சொந்தக் கிணற்று நீரைக் குடிப்பவர்களும் ஆண்டுதோறும் ஒரே கேள்விகளோடுதான் வருகிறார்கள். அக்கேள்விகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய விடைகளை, கண்ணில் படும் அறிகுறியின்படி கீழே பிரித்திருக்கிறேன். எளிய காரணம் முதலிலும் செலவு பிடிக்கும் காரணம் பிறகும் வரும். ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவிடுகிறேன்: நீரின் நிறம், அமில நீரும் நல்ல நீரும் எந்த இடத்தில் கலந்தன என்பதைக் காட்டும், நஞ்சு எங்கிருந்து வந்தது, எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டாது. ஆகவே எந்த அறிகுறியானாலும் அது தென்பட்ட இடத்தில் நின்றுவிடாமல் மேல்நோக்கி நடக்க வேண்டும்.

எதற்கும் முன்: கோளாறு ஆற்றிலா, கருவியிலா?

நான் துரத்திப் போன 'திடீர் அமிலத்தன்மை'களில் கணிசமானவை ஆற்றில் இல்லை, அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். மீட்டரின் முனையில்தான் இருந்தன (பி.எச். 7 நடுநிலை; எண் குறையக் குறைய அமிலம் கூடும்). அன்றன்று காலையில் 4, 7 ஆகிய இரு அளவீட்டுக் கரைசல்களிலும் மீட்டரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பனி உருகிய நீர் மிகக் குளிர்ந்தது, உப்பும் குறைந்தது. அதில் மீட்டர் நிலைபெறச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால் முதலில் தோன்றும் எண்ணைக் குறித்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. முனையை வாலைவடிநீரில் ஊற வைப்பது பலர் செய்யும் தவறு; அதற்குரிய சேமிப்புக் கரைசலில்தான் வைக்க வேண்டும்.

ஆய்வகத்துக்கு ஒவ்வோர் இடத்திலிருந்தும் இரண்டு புட்டிகள் போக வேண்டும். ஒன்றில் அங்கேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்த நீர், மற்றொன்றில் வடிக்காத நீர், இரண்டிலும் பி.எச். 2க்குக் கீழே இறங்கும் அளவுக்கு நைட்ரிக் அமிலம் சேர்த்திருக்க வேண்டும். அறைக்குக் கொண்டுபோய் வடித்துக்கொள்ளலாம் என்று விட்டால், வழியிலேயே இரும்பு படிந்து, தன்னோடு மற்ற உலோகங்களையும் இழுத்துக்கொண்டு புட்டியின் அடியில் உட்கார்ந்துவிடும். வந்து சேரும் முடிவு உண்மையைவிட நல்லதாகத் தெரியும்.

மூன்றாவதாக ஓட்டத்தை அளக்க வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். சிறிய ஒழுக்குக்கு ஒரு வாளியும் நிறுத்துக் கடிகாரமும் போதும். ஒரு சுரங்க வாயிலிருந்து நொடிக்கு 2 லிட்டர் நீர், லிட்டருக்கு 50 மில்லிகிராம் துத்தநாகத்தோடு வருவதாகக் கொள்வோம்: நாளொன்றுக்கு 8.6 கிலோ. பக்கத்திலுள்ள மற்றொன்று நொடிக்கு 40 லிட்டர், லிட்டருக்கு 5 மில்லிகிராம் மட்டுமே: நாளொன்றுக்கு 17.3 கிலோ. ஆய்வக அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுப்பவர் முதல் வாயைச் சரிசெய்யப் பணத்தைச் செலவிடுவார். ஆறு அப்படியே இருக்கும்.

அறிகுறி 1: ஓடை காவி நிறமாகிவிட்டது

*சில மணி நேரத்தில், ஆறு முழுவதும் மாறியிருந்தால்*

இதற்குப் பரிசோதனை தேவையில்லை. குடிநீர் எடுக்கும் இடத்தையும் பாசன மதகையும் உடனே மூடுங்கள், கால்நடைகளைக் கரையிலிருந்து விலக்குங்கள், மாவட்ட அவசர உதவி மையத்துக்குச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நேரம் இருந்தால், கரையில் பாதுகாப்பாக நின்று அரை மணிக்கு ஒரு புட்டி வீதம் நேரத்தைக் குறித்து எடுத்து வையுங்கள். அலை கடந்த பிறகு அந்த நீர் திரும்பக் கிடைக்காது.

2015 ஆகஸ்ட் 5ஆம் தேதி கோல்ட் கிங் சுரங்கத்தின் வாயில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் குழு மண்ணை அகற்றிக்கொண்டிருந்தபோது, பின்னால் தேங்கியிருந்த நீர் அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியேறியது. சுமார் 30 லட்சம் கேலன், அதாவது ஏறத்தாழ 1.13 கோடி லிட்டர் அமில நீர் சிமென்ட் ஓடை வழியாக அனிமாஸில் இறங்கி, மறுநாள் மாலை டுராங்கோ நகரை அடைந்தது. மஞ்சள்தூள் கரைத்தது போன்ற அந்த நீர் வருவதற்குள் அனிமாஸிலிருந்து நீரேற்றுவதை நகரம் நிறுத்திவிட்டது. அதற்கும் கீழே சான் வான் ஆற்றங்கரையிலுள்ள நவஹோ பழங்குடி விவசாயிகளின் கால்வாய்களும் மூடப்பட்டன. இவ்வளவு அவகாசம் கிடைத்ததற்குக் காரணம் தொலைவு. சில்வர்டனிலேயே இருப்பவருக்கு அந்த அவகாசம் கிடையாது. மதகை மூடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

நீர் தெளிந்ததும் மதகைத் திறந்துவிடக் கூடாது. படிவு ஆற்றின் அடியிலும் வாய்க்காலின் வளைவுகளிலும் தங்கியிருக்கும். அடுத்த கனமழையில் மீண்டும் கலங்கி எழும். வாய்க்காலை முதலில் வெறுமனே ஓடவிட்டு ஆற்றுக்கே திருப்பி, வடிக்காத மாதிரியின் முடிவு வந்த பிறகே வயலுக்குப் பாய்ச்ச வேண்டும்.

*வசந்தத்தில் மெல்ல மெல்ல மாறினால்*

ஏப்ரல் முதல் ஜூன் வரை பனி உருகும்போது, குளிர்காலம் முழுவதும் கழிவுப் பாறைக் குவியல்களில் ஊறிய உப்புகள் முதல் நீரோடு கழுவப்பட்டு வருகின்றன. இது பெரும்பாலும் பருவத்தின் இயல்பு. சென்ற ஆண்டுகளின் அதே வார அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, கடத்துதிறன் (நீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவு; கரைந்த உப்பு கூடினால் இதுவும் கூடும்) வழக்கமான எல்லைக்குள் இருந்தால் குறித்துவைத்துவிட்டு விட்டுவிடலாம்.

வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் மேல்நோக்கி நடங்கள். ஒவ்வொரு கிளை ஓடையும் சேரும் இடத்துக்கு மேலேயும் கீழேயும், சேரும் கிளையிலும் கடத்துதிறனை அளந்துகொண்டே போனால், எண் துள்ளும் இடத்தில் உங்கள் குற்றவாளி இருக்கும். அது கழிவுக் குவியலாக இருந்தால், முதலில் அதன் மேற்பக்கம் ஏறிப் பாருங்கள்: மலைச்சரிவின் நல்ல நீர் குவியலுக்குள் புகுந்துகொண்டிருக்கிறதா? மழைநீர் வடிகால் தூர்ந்து போயிருக்கிறதா? மண்வெட்டியால் ஒரு நாளில் வெட்டிவிடக்கூடிய திசைதிருப்பு வாய்க்கால், பெரிய கட்டுமானம் செய்யும் வேலையில் பாதியைச் செய்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் குவியலின் சரிவிலோ சுரங்க வாயின் முன்போ தோண்டக் கூடாது. மேலேயுள்ள இயற்கைத் தரையில்தான் தோண்ட வேண்டும், அதற்கும் நில உரிமையாளரின் அனுமதி தேவை.

மேலே சுரங்கமே இல்லாமலும் ஓடை காவியாக வரலாம். இந்த மலைகளின் பாறையிலேயே பைரைட் ஏராளம்; இரும்பும் கந்தகமும் சேர்ந்த இந்தக் கனிமத்தில் காற்றும் நீரும் பட்டால் அமிலம் உண்டாகும். சுரங்கம் தோண்டப்படுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே ஊற்றுகளில் இரும்பு படிந்து, சரளைக் கற்களைச் சிமென்டைப் போல் ஒட்டவைத்திருப்பதை அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையினர் பதிவு செய்துள்ளனர். அத்தகைய இயற்கை ஊற்றைச் 'சரிசெய்ய' முயல்வது வீண் செலவு.

*நீர் தெளிவு, கற்கள் மட்டும் காவி*

கல்லை விரலால் தேயுங்கள். கெட்டியாக ஒட்டியிருந்தால் பழைய கறை, பி.எச். 6.5க்கு மேல் இருந்தால் அந்தக் கறையைப் பற்றிக் கவலை வேண்டாம். பஞ்சு போல் வழுவழுப்பாகக் கழன்று வந்தால் இரும்பு பாக்டீரியா. அதன் மேல் எண்ணெய்ப் படலம் போல மினுங்கினால் ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள்: கண்ணாடிச் சில்லு போல உடைந்து விலகி நின்றால் அது பாக்டீரியாவின் படலம், உடனே மீண்டும் கூடிக்கொண்டால் உண்மையிலேயே எரிபொருள் கசிந்திருக்கிறது. பின்னதற்கு மாவட்டச் சுகாதார அலுவலகத்தை அழைக்க வேண்டும்.

அறிகுறி 2: அரிசி களைந்த நீர் போல வெளுத்திருக்கிறது

குழாய் நீர் மட்டும் வெளுத்திருந்தால் ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் வெறும் காற்றுக் குமிழி.

ஓடை வெளுத்திருந்தால் இரண்டு காரணங்களே பெரும்பாலும் உண்டு: களிமண் அல்லது அலுமினியம். ஒரு புட்டியில் பிடித்து, மாதிரிக்காக வைத்திருக்கும் நைட்ரிக் அமிலத்தில் சில துளிகள் விடுங்கள் (கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு). வெண்மை கரைந்து நீர் தெளிந்தால் அலுமினியம். மாறாமல் நின்றால் களிமண். களிமண் என்றால் மேலே சாலை வேலையோ மண்சரிவோ நடந்திருக்கும், அதைத் தேடுங்கள்.

அலுமினியம் அமில நீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து வருகிறது. நல்ல நீரோடு கலந்து பி.எச். 5ஐ நெருங்கும்போது வெண்படலமாகப் படிகிறது. எனவே வெள்ளையாக இருக்கும் கூடல்துறையில் கோளாறு இல்லை, அங்கு சேரும் இரண்டு நீரோட்டங்களில் பி.எச். குறைந்ததில்தான் இருக்கிறது. படியும் அந்தக் கணத்தில்தான் மீனின் செவுளுக்கு மிகுந்த கேடு. கலப்புப் பகுதியில் மீன்குஞ்சுகளை விடுவது, மீன்களைக் கூண்டில் விட்டுப் பார்க்கும் சோதனை வைப்பது இரண்டையும் தவிர்க்க வேண்டும்.

அறிகுறி 3: கற்களில் கரி பூசியது போல் கருமை, குழாயில் கருந்துகள்

கருமையான துகளின் மேல் மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது மாங்கனீசு ஆக்சைடாக இருக்க வாய்ப்பு அதிகம். நுரைக்காமல், அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்றோட்டமற்ற சேறு அல்லது சாக்கடைக் கசிவு. அது சுரங்கப் பிரச்சினையே அல்ல.

மாங்கனீசு பிடிவாதமானது. சுண்ணாம்பு போட்டு பி.எச்.ஐ 9க்கு மேல் ஏற்றினால்தான் எளிதாகப் படியும். ஓடையில் அது மெல்ல மெல்ல, பல கிலோமீட்டர் தூரத்துக்குக் கற்களைக் கறுப்பாக்கிக்கொண்டே போகும். வீட்டுக் கிணற்றில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டும்போதே துணியில் கறை விழத் தொடங்கும். கைக்குழந்தைகள் உள்ள வீட்டில் 0.3ஐத் தாண்டினால் பால் கலக்க அந்த நீரைப் பயன்படுத்தாதீர்கள். இதற்கென விற்கும் மாங்கனீசு வடிகட்டியை நிறுவ நீர்ச் சுத்திகரிப்புத் தொழிலாளரை அழையுங்கள்.

அறிகுறி 4: நீர் பளிங்கு போல் தெளிவு, ஆனால் உயிரே இல்லை

வருவோர் படமெடுத்துப் போவது காவி ஓடையை. நான் அஞ்சுவது இந்தத் தெளிந்த நீரைக் கண்டு.

துத்தநாகமும் காட்மியமும் நிறம் தருவதில்லை, மணப்பதில்லை, இரும்பும் அலுமினியமும் படிந்து போன பிறகும் நீரில் கரைந்தபடியே இருக்கின்றன. அமெரிக்க விதிகளின்படி குடிநீரில் துத்தநாகம் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை இருக்கலாம், அதுவும் சுவை கருதி விதித்த வரம்பு. ஆனால் நீரின் கடினத்தன்மை (கரைந்த கால்சியம், மெக்னீசியத்தின் அளவு) லிட்டருக்கு 100 மில்லிகிராமாக இருக்கும்போது நீர்வாழ் உயிர்களுக்கான வரம்பு 0.12 மில்லிகிராம் மட்டுமே. கடினத்தன்மை குறையக் குறைய இந்த வரம்பும் இறங்கும். அதனால் ஒரே ஓடையின் நீர் மனிதனுக்குத் தேர்ச்சி பெற்று, டிரவுட் மீனுக்குத் தோல்வியடைவதில் முரண்பாடு ஏதுமில்லை. குடிநீர் அறிக்கையைக் காட்டி 'ஆறு நன்றாக இருக்கிறது' என்று கூட்டங்களில் வாதிடுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

சோதனையைக் காலடியிலிருந்து தொடங்குங்கள். ஓட்டம் வேகமாக உள்ள இடத்தில் முழங்கால் ஆழத்திலிருந்து பத்துக் கற்களைப் புரட்டுங்கள். நல்ல மலையோடையில் மேஃபிளையின் இளம்பூச்சிகள் தட்டையாக ஒட்டிக்கொண்டு ஓடும். அவை முற்றிலும் இல்லாமல், பொறுத்துக்கொள்ளும் வகைப் பூச்சிகள் மட்டும் இருந்தால் உலோகத்தை ஐயுறுங்கள். எதுவுமே இல்லையென்றால் அண்மையில் வெள்ளம் அடித்ததா, குளிர்காலத்தில் ஓடை அடிவரை உறைந்ததா, பக்கத்துச் சாலையில் உப்புத் தூவினார்களா என்று முதலில் விசாரியுங்கள். இந்த மூன்றும் செலவில்லாத விளக்கங்கள்.

அவை பொருந்தாவிட்டால் வடித்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, துத்தநாகம், காட்மியம், செம்பு, ஈயம், கால்சியம், மெக்னீசியம் ஆறையும் கேளுங்கள். கடைசி இரண்டும் கடினத்தன்மையைக் கணக்கிட. அவற்றைக் கேட்காமல் விட்டால் மற்ற எண்களுக்குப் பொருளே இல்லை. இன்னொரு பொறியும் இருக்கிறது: அமிலமில்லாத ஓடைகளில் கரைந்த துத்தநாகம் இரவில் ஏறி விடியலுக்கு முன் உச்சம் தொட்டு, பிற்பகலில் இறங்குகிறது. காலையில் ஒருவரும் மாலையில் மற்றவரும் எடுத்த மாதிரிகளை ஒப்பிட்டு 'நிலைமை சீராகிவிட்டது' என்று அறிவித்தவர்கள் உண்டு. எப்போதும் ஒரே மணிக்கு எடுங்கள்.

எந்தக் கிளையிலிருந்து வருகிறது என்பதை அறிய, சில்வர்டனில் ஏற்கெனவே வசதி இருக்கிறது. மூன்று நீரோட்டங்களும் கூடுவதற்கு முன் ஒவ்வொன்றிலும், கூடிய பிறகு 'ஏ72' என்று அழைக்கப்படும் இடத்திலும் ஓட்டம் அளக்கும் நிலையங்கள் உள்ளன. நான்கிலும் ஒரே நாளில் மாதிரி எடுத்து ஓட்டத்தால் பெருக்குங்கள். மேலே உள்ள மூன்றின் கூட்டுத்தொகையும் கீழுள்ள எண்ணும் ஏறக்குறைய ஒத்துப்போனால் கணக்கு சரி. கீழே அதிகமாக இருந்தால் நிலத்தடியிலிருந்தோ ஆற்றங்கரையில் கொட்டிய பழைய ஆலைக்கழிவு மண்ணிலிருந்தோ ஏதோ கசிகிறது. அதைத் தேடுவது கண்காணிப்புக் கிணறுகள் தோண்டும் வேலை; அந்த நிலையில் நீர்நிலவியலாளர் இல்லாமல் ஓரடியும் முன்னே போக வேண்டாம்.

அறிகுறி 5: சுரங்க வாயிலிருந்து வரும் ஒழுக்கு குறைந்துவிட்டது, அல்லது நின்றுவிட்டது

கேட்க நல்ல செய்தி போல் இருக்கும். இப்பட்டியலில் மிக ஆபத்தானது இதுதான்.

முதலில், அந்த இடத்தைவிட்டு விலகி, ஓட்டம் பாயக்கூடிய பாதைக்கு வெளியே மேடான இடத்துக்குச் செல்லுங்கள். பிறகுதான் யோசனை. வறண்ட ஆண்டின் இலையுதிர் காலத்தில் எல்லா வாய்களிலும் ஒழுக்கு சேர்ந்தாற்போல் குறைந்தால் அது பருவத்தின் விளைவு. ஒரே ஒரு வாயில் மட்டும், அதுவும் பனி உருகும் காலத்தில் குறைந்திருந்தால், உள்ளே கூரை சரிந்து அடைத்துக்கொண்டது என்றும் பின்னால் நீர் ஏறிக்கொண்டிருக்கிறது என்றும் கொள்ள வேண்டும்.

தூரத்தில் நின்று, முடிந்தால் இருகண்நோக்கியால், இவற்றைப் பாருங்கள்: வாய்க்கு மேலே சரிவில் புதிதாக ஈரம் கசிகிறதா; அடைத்திருக்கும் மண்ணின் மேல்பகுதி நனைந்திருக்கிறதா, அடிப்பகுதி மட்டுமா; பக்கத்து மலையில் இதுவரை வறண்டிருந்த வாயில் நீர் தொடங்கியிருக்கிறதா. கோல்ட் கிங்கில் நேர்ந்த பிழை இங்கே கவனிக்கத்தக்கது. வாயிலிருந்து வந்த ஒழுக்கைப் பார்த்து, உள்ளே நீர் கூரைவரை எட்டவில்லை என்று கருதிவிட்டார்கள். பின்னாலிருந்து துளையிட்டு நீர் அழுத்தத்தை நேரடியாக அளந்து பார்க்கவில்லை என்பதை அதே ஆண்டு அமெரிக்க நிலமீட்பு அலுவலகம் தன் ஆய்வறிக்கையில் சுட்டிக்காட்டியது.

இதைப் படிக்கும் எவரும் மண்வெட்டியோடு அந்த அடைப்பை 'கொஞ்சம் திறந்துவிட' முயலக் கூடாது. சுரங்கத்துக்குள் நுழையவும் கூடாது. நீர் இல்லாத சுரங்கத்திலும் மூச்சுக்குரிய காற்று இல்லாமல் போகலாம். மாநிலத்தின் நிலமீட்பு, சுரங்கம், பாதுகாப்புப் பிரிவுக்குத் தெரிவிப்பது மட்டுமே நம் வேலை. நேரம், ஒழுக்கின் பழைய அளவு, புதிய அளவு, படம் ஆகிய நான்கும் கையில் இருந்தால் அவர்கள் விரைந்து முடிவெடுக்க முடியும். முறையாக அளந்து வைத்த வாளிக் கணக்கு இங்கேதான் கைகொடுக்கும்.

எதிர் அறிகுறியும் இதே கதையின் மறுபக்கம்: ஒரு வாயில் ஒழுக்கு திடீரென்று கூடினால், வேறெங்கோ அடைத்திருக்கிறார்கள் அல்லது அடைத்துக்கொண்டது என்று பொருள். அமெரிக்கன் டனல் என்ற நீள்சுரங்கத்தில் 1996 முதல் கான்கிரீட் அடைப்புகள் போடப்பட்டன. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் கோல்ட் கிங், ரெட் அண்ட் போனிட்டா ஆகிய அண்டைச் சுரங்கங்களில் ஒழுக்கு கூடியது. முன்னதுதான் பின்னதற்குக் காரணமா என்பது வழக்குமன்றம்வரை போன கேள்வி. நமக்கு வேண்டிய பாடம் எளியது: ஒரு வாயை அடைக்கும் திட்டம் வரும்போது, அதைச் சுற்றியுள்ள எல்லா வாய்களிலும் குறைந்தது ஓராண்டு ஓட்டத்தை முன்கூட்டியே அளந்து வைத்திருக்க வேண்டும். அடைத்த பிறகு அளக்கத் தொடங்குபவரிடம் ஒப்பிட எதுவும் இருக்காது.

மேலே ஏரி இருந்தால் அதன் நீர்மட்டத்தையும் கவனியுங்கள். 1978 ஜூன் 4 அன்று எம்மா ஏரியின் அடித்தளம் சன்னிசைடு சுரங்கத்துக்குள் உடைந்து விழுந்து, ஏரி முழுவதும் சுரங்கத்தின் வழியாக வெளியே பாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் உள்ளே ஒருவரும் இல்லை.

அறிகுறி 6: சுண்ணாம்பு நிலையம் ஓடுகிறது, ஆனால் வெளியேறும் நீரில் துத்தநாகம் குறையவில்லை

கிளாட்ஸ்டனில் 2015 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய நிலையம் போல, நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து உலோகத்தைப் படிய வைக்கும் எல்லா நிலையங்களுக்கும் இது பொது.

பெரும்பாலும் பி.எச். முனையில் சுண்ணாம்பு ஏடு படிந்திருக்கும். திரையில் 9.3 என்று நின்றிருக்கும். கைமீட்டரால் அளந்தால் 8.2. முனையை நீர்த்த அமிலத்தில் கழுவுங்கள். வாரம் ஒருமுறை இதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அளவு சரியாக இருந்தால், அது போதுமானதுதானா என்று பாருங்கள். இரும்புக்கும் அலுமினியத்துக்கும் போதுமான பி.எச். துத்தநாகத்துக்குப் போதாது, அதற்கு 9 முதல் 9.5 வரை வேண்டும். பயந்துபோய் மேலும் ஏற்றினால் படிந்த அலுமினியம் திரும்பக் கரையும்.

பி.எச். சரி, வடித்த மாதிரியில் துத்தநாகம் குறைவு, வடிக்காததில் மட்டும் அதிகம் என்றால் வேதியியல் தன் வேலையைச் செய்துவிட்டது. படிவு கீழே இறங்கவில்லை. குளத்தில் கசடு நிரம்பியிருக்கும், அல்லது நீர் நுழைவாயிலிலிருந்து நேராக வெளிவாயிலுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கைப்பிடி மரத்தூளை நுழைவாயிலில் தூவி, அது வெளிவாயிலை அடையும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்பார்த்த நேரத்தில் பாதிகூட ஆகாமல் வந்துவிட்டால் குளத்தின் நடுவே தடுப்புத் திரை கட்ட வேண்டும். கசடு அகற்றுவது தனிச் செலவு, அதை எங்கே கொட்டுவது என்பதற்குத் தனி அனுமதி. திட்ட மதிப்பீட்டில் இந்த வரியைக் கடைசியாக எழுதுவது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மின்சாரமும் சாலையும் வேதிப்பொருளைப் போலவே முக்கியம். 2019 மார்ச்சில் கடும் பனிப்புயலின்போது கிளாட்ஸ்டன் நிலையம் நிறுத்தப்பட்டு, சுரங்க நீர் சுத்திகரிக்கப்படாமலேயே ஓடைக்குப் போனது. பனிச்சரிவுப் பருவம் தொடங்குவதற்குள் சுண்ணாம்பு இருப்பும் மின்னாக்கி எரிபொருளும் நிறைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். இவ்வளவும் சரியாக இருந்தும் எண் இறங்காவிட்டால், உள்ளே வரும் நீரின் தன்மையே மாறியிருக்கிறது. மருந்தளவுச் சோதனையைச் செயல்முறைப் பொறியாளர் புதிதாகச் செய்ய வேண்டும்.

ஆளில்லாத இடங்களில் நிலையத்துக்குப் பதிலாகச் சுண்ணாம்புக்கல் பரப்பிய வாய்க்கால் வெட்டுவதுண்டு. இரும்பு அதிகமுள்ள நீரில் கற்களின் மேல் காவி ஓடு படிந்து, ஓரிரு ஆண்டுகளில் அவை செயலற்றுப் போகும். ஒரு கல்லை உடைத்துப் பாருங்கள்: உள்ளே வெள்ளையும் வெளியே தடித்த காவித் தோலும் இருந்தால் கற்களைக் கிளறிவிட வேண்டும் அல்லது மாற்ற வேண்டும்.

அறிகுறி 7: வீட்டுக் குழாயில் களிம்பு, நாக்கில் உலோகச் சுவை

செம்புப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்துவிட்டால் ஏறுமே, அந்தப் பச்சைநீலக் களிம்பு கழுவுதொட்டியில் படிகிறது என்றால் முதலில் ஐயுற வேண்டியது உங்கள் வீட்டுக் குழாயைத்தான், சுரங்கத்தை அல்ல. இரவு முழுவதும் தேங்கிய நீரில் காலையில் முதல் புட்டியைப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு இரண்டாவதைப் பிடியுங்கள். முதலாவதில் செம்பும் ஈயமும் அதிகம், இரண்டாவதில் குறைவு என்றால் அமிலத்தன்மையுள்ள நீர் குழாயை அரிக்கிறது. இரண்டிலும் ஒரே அளவு என்றால் கிணற்றிலேயே இருக்கிறது.

குழாய்தான் காரணம் என்றால், குடிக்கும் முன் ஓடவிடுவது செலவில்லாத தீர்வு. அடுத்து, கிணற்றுக்கும் வீட்டுக்கும் இடையே கால்சைட் (சுண்ணாம்புக்கல் கனிமம்) துகள் நிரப்பிய தொட்டி வைத்து பி.எச்.ஐ உயர்த்தலாம். குழாய்களை மாற்றுவது கடைசி. கிணறுதான் காரணம் என்றால் சமையலறையில் ஆர்.ஓ. கருவி பெரும்பாலான உலோகங்களை நீக்கிவிடும். ஆயினும் பொருத்திய பிறகு ஒருமுறை ஆய்வகச் சோதனை செய்யாமல் நம்ப வேண்டாம். நீரைக் கொதிக்க வைப்பது கிருமிகளுக்கு மருந்து, உலோகங்களுக்கு அல்ல. நீர் வற்ற வற்ற அவற்றின் அடர்த்தி கூடவே செய்யும்.

ஆர்சனிக்குக்கும் காட்மியத்துக்கும் களிம்பும் இல்லை, சுவையும் இல்லை. அமெரிக்கக் குடிநீர் வரம்பு முன்னதற்கு லிட்டருக்கு 0.010, பின்னதற்கு 0.005 மில்லிகிராம். சுரங்கப் பள்ளத்தாக்கில் சொந்தக் கிணறு வைத்திருப்பவர், எந்த அறிகுறியும் தெரியாவிட்டாலும், ஆண்டுக்கு இருமுறை, பனி உருகத் தொடங்கும்போதும் குளிர்காலத்துக்கு முன்பும், இவ்விரண்டையும் ஈயத்தோடு சேர்த்துச் சோதிக்க வேண்டும். மூன்றில் ஒன்று வரம்பைத் தாண்டினாலும் அன்றே குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்திவிட்டு, மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அறிக்கையின் நகலைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதே நிலத்தடி நீரைக் குடிக்கும் அண்டை வீட்டுக்கும் ஒரு நகல் தேவைப்படும்.